டிவியைப் படுக்க வைக்கலாமா? வீடு மாறுகிறவர்களின் கேள்விகள்

ஆடியில் வீடு மாறக் கூடாது என்று காத்திருந்தவர்கள் எல்லோரும் ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். பேக்கர்ஸ் ஆட்கள் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தவர்களும் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரத்தில்தான் இருப்பார்கள். அதனால் இந்த முறை வந்த கேள்விகளில் வீட்டு மின்சாதனங்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருக்கிற விஷயம் ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே எத்தனை சுற்று பபிள் ஷீட் சுற்றினாலும், உள்ளே ஆடுவது எது, ஒழுகுவது எது என்று பார்த்து நிறுத்தாவிட்டால் பொருள் பத்திரமாகப் போய்ச் சேராது.

*

கேள்வி: முகப்பேரிலிருந்து கோவைக்கு மாறுகிறோம். எங்களுடையது 55 இன்ச் டிவி. அது வந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். பேக்கர்ஸ் ஆட்கள் “மெத்தை மேல படுக்க வெச்சுக் கொண்டு போயிடலாம் மேடம், ஒண்ணும் ஆகாது” என்கிறார்கள். நம்பலாமா?
— வாசகி, முகப்பேர்

வேண்டாம் அம்மா. இந்தக் காலத்து டிவியில் திரை என்பது மெல்லிய கண்ணாடி, அதைச் சுற்றியுள்ள சட்டம்தான் ஓரங்களில் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, நடுவில் பெரிய தாங்கல் எதுவும் கிடையாது. நிற்க வைத்தால் கண்ணாடியின் எடை கீழ்ச் சட்டத்தில் நேராக இறங்கிவிடும். படுக்க வைத்தால் நடுப்பகுதி தொய்யும், வண்டி ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அந்த நடுப்பகுதி மேலும் கீழும் அடிக்கும். 500 கிலோமீட்டர் தூரம் அப்படிப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் மோசமான விஷயம், உள்ளே விரிசல் விட்டது வெளியே தெரியாது. தடவிப் பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கும், கோவையில் போய் சுவிட்ச் போட்டதும்தான் ஒரு பக்கம் மை கொட்டினது போலக் கறுப்பும் குறுக்கே கோடுகளும் தெரியும். பேனல் மாற்றுகிற செலவு பல மாடல்களில் புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பெட்டி இல்லாவிட்டால் பரவாயில்லை. பக்கத்தில் டிவி விற்கிற கடையில் கேட்டுப் பாருங்கள், அதே அளவுப் பெட்டியும் உள்ளே வைக்கிற தெர்மாகோலும் சில சமயம் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் திரை மேல் மெல்லிய ஃபோம் ஷீட்டோ துவைத்த பருத்தித் துணியோ போடுங்கள், பபிள் ஷீட்டை நேராகத் திரையில் ஒட்ட வைக்காதீர்கள், வெயிலில் வண்டி சூடாகும்போது குமிழிகள் அழுந்தி அச்சு விழலாம். அதற்கு மேல் திரை அளவுக்கு வெட்டிய தடித்த அட்டை அல்லது தெர்மாகோல் பலகை, நான்கு மூலைக்கும் தெர்மாகோல் முட்டு, பிறகுதான் பபிள் ஷீட், பிறகு டேப். டேப் எந்த இடத்திலும் திரையில் படக் கூடாது. தூக்கும்போது இரண்டு பேர், கீழ்ச் சட்டத்தையும் பக்கங்களையும் பிடித்துத் தூக்க வேண்டும், கட்டை விரல் திரை மேல் அழுந்தக் கூடாது. அந்த ஒரு அழுத்தத்திலேயே உடைந்த டிவிகளைப் பார்த்திருக்கிறேன்.

வண்டியில் நிற்க வைத்து, திரைப் பக்கம் மெத்தையைப் பார்த்தபடி இருக்கட்டும். பீரோ, கட்டில் சட்டம் இவற்றின் பக்கம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, சுவரில் மாட்டிய டிவியைக் கழற்றும்போது பின்னால் இருக்கும் நான்கு திருகுகளையும் உடனே ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு ரிமோட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அது தொலைந்து, புது வீட்டில் மாட்ட வந்தவர் கையில் இருக்கிற நீளமான திருகைப் போட்டு முடுக்கினால் உள்ளே போர்டில் போய்க் குத்தும். பின்பக்க வயர்கள் எது எதில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன்னால் ஆட்கள் நிற்கும்போதே டிவியைப் போட்டு, வெளிச்சமான படம் முழுத்திரையில் ஓடுவதை வீடியோ எடுங்கள். அங்கே இறங்கியதும் அதேபோல அவர்கள் போவதற்குள் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

*

கேள்வி: முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின். வாங்கியபோது பொருத்த வந்தவர் பின்னாலிருந்து சில போல்ட்டுகளைக் கழற்றிக் கொடுத்தார். என்னவென்று தெரியாமல் எங்கோ போட்டுவிட்டோம். இப்போது வீடு மாறுகிறோம், அது கட்டாயம் வேண்டுமா?
— வாசகர், திருச்சி உறையூர்

வேண்டும். இந்தப் பகுதிக்கு வருகிற கேள்விகளில் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கிற பதில் இது.

முன்கதவு மெஷினில் துணி போடுகிற டிரம் பெட்டியோடு இறுக்கமாகப் பொருத்தப்பட்டது இல்லை. மேலே ஸ்பிரிங்கில் தொங்குகிறது, கீழே ஷாக் அப்சார்பர் தாங்குகிறது, அதோடு சுற்றும்போது மெஷின் நடக்காமல் இருக்கக் கனமான கான்கிரீட் எடை ஒன்றும் கட்டியிருக்கும். துணி சுற்றும்போது இந்த ஆட்டம் தேவை. வண்டியில் போகும்போது இதே ஆட்டம்தான் எமன். அத்தனை கனமும் ஸ்பிரிங்கிலிருந்து இழுத்து இழுத்து அடிக்கும், ஷாக் அப்சார்பர் விட்டுப்போகும், ஸ்பிரிங் கொக்கி கழன்று டிரம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், பேரிங் கெடும். புது வீட்டில் முதல் தடவை ஸ்பின் போடும்போது மெஷின் குளியலறைக் கதவு வரை நடந்து வரும். அதைத் தடுக்கத்தான் அந்த போல்ட்டுகள், டிரம்மைப் பின்பலகையோடு சேர்த்துப் பூட்டி வைப்பவை அவை. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு இருக்கும்.

தொலைந்திருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாடல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், தனியாக வாங்கலாம். வேறு மாடலின் போல்ட்டைப் போடாதீர்கள், நீளம் மாறினால் டிரம்மைச் சுற்றியுள்ள டப்பில் குத்தும். கிளம்புகிற நாள் வரை கிடைக்கவே இல்லை, தூரமும் உள்ளூருக்குள்தான் என்றால், டிரம்முக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் ஃபோம் துண்டுகளை ஒரு சர்வீஸ் ஆளை வைத்து அடைத்து, மெஷினை நிமிர்த்தியபடியே மெதுவாகக் கொண்டு போகலாம். வெளியூருக்கு இது போதாது.

தண்ணீரையும் மறக்காதீர்கள். குழாயை மூடி, உள்ளே வருகிற ஹோஸைக் கழற்றி வாளியில் வடியவிட்டு, கீழே முன்பக்கம் இருக்கிற சின்ன ஃபில்டர் மூடியைத் திறந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வரும், கூடவே சில்லறையும் ஊசியும் வரும். இதை முந்தின நாளே செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் வண்டியில் மெத்தையில்தான் வடியும். புது வீட்டில் ஓட்டுவதற்கு முன் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும், அதோடு ஓட்டினால் மெஷினே உடைகிற மாதிரி அதிரும். கழற்றிய போல்ட்டுகளை இந்தத் தடவையாவது ஒரு கவரில் போட்டு, மெஷினின் பக்கவாட்டிலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

மேல்கதவு மெஷின் வைத்திருப்பவர்களும் கேட்டிருக்கிறீர்கள். டிரம்மைச் சுற்றியுள்ள இடைவெளியில் பழைய போர்வையை நன்றாகத் திணித்து, மூடியை மூடிக் கட்டினால் போதும்.

*

கேள்வி: குட்டி யானையில் இடமில்லை என்று பிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டு வந்துவிட்டார்கள். புது வீட்டில் பால் காய்ச்சி முடித்ததும் மாமியார் பிரிட்ஜைப் போடச் சொல்கிறார். போடலாமா?
— வாசகி, மதுரை

இன்றைக்கு வேண்டாம் அம்மா, நாளைக் காலை போடுங்கள், பாலுக்கும் மாவுக்கும் இன்று ஒருநாள் பக்கத்து வீட்டைக் கேட்டுக்கொள்ளலாம்.

காரணம் இதுதான். பிரிட்ஜின் அடியில் கம்ப்ரஸரில் எண்ணெய் இருக்கிறது. படுக்க வைத்தால் அந்த எண்ணெய் குளிர்வாயு ஓடுகிற மெல்லிய குழாய்களுக்குள் போய்விடும். நிமிர்த்திய உடனே போட்டால் ஒருபக்கம் கம்ப்ரஸர் எண்ணெய் இல்லாமல் ஓடும், இன்னொரு பக்கம் குழாயில் அடைப்பு ஏற்படும். எண்ணெய் திரும்பி இறங்க நேரம் கொடுக்க வேண்டும். எத்தனை நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அத்தனை நேரம் நிமிர்ந்து நிற்கட்டும், ஒரு இரவு முழுக்க விட்டால் நிம்மதி. முழுக்க நின்றபடியே வந்த பிரிட்ஜுக்கு இரண்டு, மூன்று மணி நேரம் போதும்.

இனிமேல் மாறப்போகிறவர்களுக்கு: முந்தின நாளே அணைத்து, காலி செய்து, ஐஸ் கரைய விடுங்கள். பின்னால் கம்ப்ரஸருக்கு மேலே ஒரு தட்டில் தண்ணீர் நிற்கும், அதை யாரும் பார்ப்பதில்லை, துணியால் ஒற்றி எடுங்கள். கண்ணாடித் தட்டுகளையும் காய்கறி டிரேயையும் வெளியே எடுத்துத் தனியாகக் கட்டுங்கள். கதவைக் கயிற்றால் கட்டுங்கள், டேப் பசை போகவே போகாது. வண்டியில் டிரைவர் கேபினின் பின்சுவரோடு சாய்க்காமல் நிற்க வைத்துக் கட்டினால் குட்டி யானையிலும் பிரிட்ஜ் நின்றபடி போகும். பின்பக்கக் குழாய்களில் கயிறு மாட்டித் தூக்காதீர்கள். பல புது பிரிட்ஜுகளில் இருப்பது ஆர்-600ஏ என்ற வாயு, அது எரியக்கூடியது. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் பாருங்கள். குழாய் நசுங்கி வாடை வந்தாலோ, ‘உஸ்’ஸென்று சத்தம் கேட்டாலோ அறையில் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

*

கேள்வி: வீடு மாறும்போது ஏசியைக் கழற்றினால் கேஸ் எல்லாம் போய்விடுமாம், புது வீட்டில் முழுக்கப் புதிதாக நிரப்ப வேண்டுமாம். கழற்ற வந்தவர் சொல்கிறார். உண்மையா?
— வாசகர், வேலூர்

சரியாகக் கழற்றினால் போகாது. ஸ்ப்ளிட் ஏசியின் கேஸ் செலவாகிற பொருளே இல்லை, ஓட்டை இல்லாதவரை பத்து வருஷமானாலும் உள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். கழற்றுவதற்கு முன் அந்த கேஸ் முழுவதையும் வெளியே இருக்கிற யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்ட வேண்டும், மெக்கானிக்குகள் பம்ப் டவுன் என்பார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஏசியைக் கூலில் ஓடவிட்டு, வெளி யூனிட்டில் இருக்கும் இரண்டு செம்புக் குழாய்களில் மெல்லியதன் வால்வை ஆலன் கீ வைத்து முதலில் மூடுவார். கம்ப்ரஸர் கேஸை இழுத்துக்கொண்டே இருக்கும், அழுத்தத்தைக் காட்டுகிற கேஜில் முள் இறங்கிப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்ததும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, அந்த நிமிடமே கரண்டை அணைப்பார். கேஜ் மாட்டாமலே ஸ்பேனரை எடுத்துக் குழாயைத் திருகத் தொடங்கினால் தைரியமாக நிறுத்தச் சொல்லுங்கள். ‘புஸ்’ஸென்று சத்தம் நிற்காமல் வந்தால் உங்கள் காசுதான் காற்றில் போகிறது, இப்போது நிறைய ஏசிகளில் இருக்கிற ஆர்-32 ஓரளவு எரியக்கூடிய வாயு என்பதால் அது ஆபத்தும் கூட. கம்ப்ரஸரே ஓடவில்லை என்றால் மட்டும் இந்த முறை நடக்காது.

கழற்றியதும் குழாய் முனைகளையும் வால்வு வாய்களையும் மூடி வைத்து டேப் சுற்ற வேண்டும், உள்ளே தூசியோ ஈரமோ போகக் கூடாது. செம்புக் குழாயைப் பெரிய வளையமாகச் சுருட்டுங்கள், ஓரிடத்தில் மடிந்து நசுங்கினால் அந்தக் குழாய் பயன்படாது. வெளி யூனிட் நிமிர்ந்தே போக வேண்டும், அதற்குள்ளும் கம்ப்ரஸர்தான் இருக்கிறது.

புது வீட்டில் மாட்டும்போது கவனிக்க வேண்டியது வேக்கம். குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சிய பிறகுதான் வால்வைத் திறந்து கேஸ் விட வேண்டும். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிடுகிறேன் என்பார்கள், அது சரியான வேலை இல்லை. ஆள் பேசும்போதே “வேக்கம் பம்ப் கொண்டு வருவீங்களா” என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் நீளத்தைக் கூட்டினால் கொஞ்சம் கேஸ் சேர்க்க வேண்டி வரலாம், அது நியாயம். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வெளி யூனிட் ஸ்டிக்கரில் கிராமிலோ கிலோவிலோ போட்டிருக்கும், எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

*

கேள்வி: மகன் பாகங்கள் வாங்கி அவனே சேர்த்த டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். அவன் பெங்களூரில் இருக்கிறான், நாங்கள்தான் கட்ட வேண்டும். என்ன செய்வது?
— வாசகி, சேலம்

முதலில் அவனை விட்டு உள்ளே இருக்கிற ஃபோட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் காப்பி எடுக்கச் சொல்லுங்கள், பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம், படங்கள் போனால் போனதுதான். அப்புறம் வீடியோ காலில் அவனை வைத்துக்கொண்டு பக்கத்து மூடியைத் திறந்து பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு என்று செங்கல் அளவுக்கு ஒன்று குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தால் அதைக் கழற்றிவிடுவது நல்லது, வண்டி குலுக்கலில் அதன் எடையே அது செருகியிருக்கிற இடத்தை உடைத்துவிடும். வெள்ளியாகப் பளபளக்கும் அல்லது ரோஸ் நிறத்தில் இருக்கும் ஆன்டி ஸ்டாடிக் கவரில் அதைப் போட வேண்டும். தெர்மாகோல் தூளோ சாதாரணப் பிளாஸ்டிக்கோ பெட்டிக்குள் திணிக்காதீர்கள், நிலைமின்சாரம் உண்டாகும். பெட்டியை நிற்க வைப்பதைவிட, மதர்போர்டு கீழ்ப்பக்கம் வரும்படி படுக்க வைப்பது நல்லது, அப்போது கனமான கூலர் பக்கவாட்டில் தொங்காமல் போர்டின் மேல் உட்கார்ந்திருக்கும். காரில் போவதாக இருந்தால் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போங்கள். லேப்டாப், ஹார்ட் டிஸ்க் இரண்டும் உங்கள் கைப்பையில், லாரியில் அல்ல.

*

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரியை எங்கள் காரின் டிக்கியில் சாய்த்து வைத்துக் கொண்டு போகலாமா?
— வாசகர், நாகர்கோவில்

கூடாது. உள்ளே இருப்பது சல்ஃப்யூரிக் ஆசிட். சாய்த்தால் மேல்மூடி வழியாகக் கசியும், துணி, டிக்கி, தோல் எதுவும் தப்பாது. 150 ஏஹெச் பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு பேர் தூக்கி, நிமிர்த்தியபடியே, திறந்த வண்டியில் பிளாஸ்டிக் டிரேக்குள் வைத்துக் கட்டிக் கொண்டு போகட்டும். கழற்றும்போது இன்வெர்ட்டரையும் மெயினையும் அணைத்துவிட்டு முதலில் நெகட்டிவ், அதாவது கறுப்பு வயர், பிறகு சிவப்பு. மாட்டும்போது இதற்கு நேரெதிர். இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், கழற்றுகிறவர் கையில் மோதிரம், செயின் இருக்கக் கூடாது. கிளம்பும் முன் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாதீர்கள், அதைப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தோலில் ஆசிட் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள், கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரி.

*

கேள்வி: டேபிள் டாப் கிரைண்டரை அப்படியே பெட்டியில் போடலாமா?
— வாசகி, ஈரோடு

கல்லை எடுத்துவிட்டுப் போடுங்கள். உருளைக் கற்களை வெளியே எடுத்து, தனித்தனியாகத் துண்டில் சுற்றி வேறு பெட்டியில் வையுங்கள், பாத்திரத்தையும் கழற்றிக்கொள்ளுங்கள். கல் உள்ளேயே இருந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பாத்திரத்தில் அடிக்கும், கீழே இருக்கிற மோட்டார் தண்டு வளையும். கல் வைத்த பெட்டி மேல் பெரிதாக ‘கல்’ என்று எழுதுங்கள், லோடுமேன் தெரியாமல் மைக்ரோவேவ் மேல் தூக்கி வைத்துவிடுவார். மைக்ரோவேவில் சுழல்கிற கண்ணாடித் தட்டுக்கும் இதே கதிதான், வெளியே எடுத்துவிட வேண்டும்.

*

கேள்வி: மகள் வேலைக்காக டெல்லி போகிறாள். விமானத்தில் பவர் பேங்க் கொண்டு போகலாமா, பேக்கர்ஸ் பெட்டியிலேயே போட்டுவிடட்டுமா?
— வாசகர், தஞ்சாவூர்

கைப்பையில் கொண்டு போகட்டும். செக்-இன் பெட்டியில் பவர் பேங்க் வைக்க அனுமதி இல்லை. 100 வாட் ஹவர் வரை கைப்பையில் எடுத்துப் போகலாம், 20,000 எம்ஏஹெச் என்றால் கிட்டத்தட்ட 74 வாட் ஹவர்தான், எண்ணிக்கையில் எத்தனை என்பதை மட்டும் அந்த விமானக் கம்பெனியின் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். லாரிப் பெட்டியில் போடாதீர்கள், வெயிலில் மூடிய லாரியின் சூடு லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. பழைய போன், பவர் பேங்க் எதுவாவது உப்பியிருந்தால் புது வீட்டுக்கு எடுத்தே போக வேண்டாம், மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

*

கேள்வி: போன முறை மாறியபோது மைக்ரோவேவ் உடைந்தது. இன்சூரன்ஸ் என்று பணம் வாங்கியிருந்தார்கள், கேட்டபோது கையை விரித்துவிட்டார்கள். இந்த முறை என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், சென்னை மடிப்பாக்கம்

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது இன்சூரன்ஸ் கம்பெனி பாலிசியா, நீங்களே எடுத்துக்கொள்கிற ரிஸ்க் சார்ஜா?” இரண்டும் வேறு. பாலிசி என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் பாலிசி நம்பரும் உள்ள சான்றிதழ் உங்கள் கைக்கு வர வேண்டும். வெறும் பில்லில் ஒரு வரியாக எழுதியிருந்தால் அது அவர்கள் தருகிற வாக்குறுதி மட்டும்தான். லாரி ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’, அதாவது சேதமானால் பொருளின் சொந்தக்காரர் பொறுப்பு, என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பல பாலிசிகளில் பணம் வராது, அதனால் விலையுயர்ந்ததை அவர்களே கட்டட்டும், நீங்கள் நின்று பாருங்கள். வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே வேலை செய்யாமல் போனால் அதையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை, அதற்குத் தனியாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பொருள் பட்டியலில் ‘டிவி - 1’ என்று எழுதினால் போதாது, கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், இன்றைய மதிப்பு எல்லாம் இருக்க வேண்டும்.

இறக்கியதும் கையெழுத்துக் கேட்டு அவசரப்படுத்துவார்கள். பிரித்துப் பார்த்து, உடைந்ததை அந்தத் தாளிலேயே எழுதி, அவர்கள் ஆளிடம் கையெழுத்து வாங்கிய பிறகு போடுங்கள், ஃபோட்டோவும் எடுத்துவிடுங்கள். 2007-ஆம் வருஷத்துச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, லாரி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் அதற்கு முன் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அதுவும் சரக்கை புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள். போனில் பேசிப் பேசி நாளைக் கடத்தவிடாதீர்கள், உடைந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதியோடு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, அங்கேயும் புகாரைப் பதியலாம். உங்கள் போன முறை மைக்ரோவேவுக்கும் புக் செய்த தேதியை எடுத்துப் பாருங்கள், 180 நாள் இன்னும் முடியவில்லை என்றால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.